பகலில் தூங்கிய முனியாண்டி

ஜெலாப்பாங்கில் எங்களுக்கு அடுத்த வீட்டு ராக்காயியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவள் புருஷன் சன்னாசியின் தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற பெண்கள் நகை நட்டு என்று அலைந்த காலத்தில், இவள் ஒரு மனுஷனைப் பகலில் தூங்க வைக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. செய்த தில்லுமுல்லும் கொஞ்சமில்லை.

இருவரும் செமோர் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறியதும் ஜெலாப்பாங்குக்கு வந்தார்கள். சன்னாசிக்குச் சிலிப்பர் செய்யும் கம்பெனியில் இரவு வேலை. ரப்பர் தகட்டைக் கால் அளவுக்கு வெட்டித் தள்ளும் மெஷின் அவர் பொறுப்பு. காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். எண்பத்தேழில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஹைவே திறக்கும் வரைக்கும் இந்தக் கதைதான்.

ஹைவே வந்த அன்று நாங்கள் எல்லாரும் வேலியோரம் நின்று கையாட்டினோம், அறிவு கெட்ட ஜென்மங்கள். மறுநாளிலிருந்து அனுபவித்தோம். மலையிறங்கி வரும் லாரி ஒவ்வொன்றும் எங்கள் அடுக்களைக்கு நேராக வந்துதான் கியர் மாற்றும். அலமாரியில் மங்குத்தட்டு கடகடவென்று ஆடும். தொலைக்காட்சியில் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு இது எரிச்சல், சன்னாசிக்கோ வினை. சரியாகத் தூங்காத மனுஷன் மெஷின் முன்னால் கண் அசந்துவிட்டார், கத்தி கட்டைவிரல் நகத்தைச் சீவிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தடவை தூங்கினால் வேலை இல்லை என்றார் மேற்பார்வை பார்க்கும் மண்டோர். வேலை போனால் தொலையட்டும் அக்கா, கை போனால் என்ன செய்வேன் என்று ராக்காயி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

எங்கள் தாமான் குடியிருப்பில் துரைசிங்கம் ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவது என்றால் அவருக்கு விருந்துக்குப் போகிற மாதிரி. எழுதினார், எழுதினார், கடைசியில் ஓர் அதிகாரி சத்தம் அளக்கும் கருவியோடு வந்தே விட்டார். வந்தது எந்த நாளில் என்று நினைக்கிறீர்கள்? சீனப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள். அரசாங்க ஆபீஸ் திறந்துவிட்டது, லாரி முதலாளிகளோ பட்டாசு வெடித்துக்கொண்டு இன்னும் வீட்டில். ஹைவே பாய் விரித்த மாதிரி கிடந்தது. அன்றைக்குக் கருவியில் அதிகமாகப் பதிவானது ராக்காயி வளர்த்த சேவலின் சத்தம்தான். சேவலைக் கவனிக்கும்படி சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். துரைசிங்கம் ஐயா பேனாவை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் ராக்காயிக்கு அந்த யோசனை வந்தது. அவர்கள் தோட்டத்து வாசலில் ஒரு முனியாண்டி கோயில் இருந்ததாம். அதைத் தாண்டும்போது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரே சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவாராம். ஹைவே வேலியோரம் ஒரு முனியாண்டியை வைத்தால் லாரிகளும் மெதுவாகப் போகாதா? நான்தான் மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன். ஒரு கல், ஒரு சூலம், ஒரு சிவப்புத் துணி, மரத்தடியில் சாமி ரெடி.

லாரிக்காரன் சைக்கிள்காரன் இல்லை என்பது எங்கள் மரமண்டைக்கு உறைக்கவில்லை. வழியில் முனியைக் கண்டால் அவன் ஹோன் அடித்துத்தான் கும்பிடுவான். மூன்று முறை, நீட்டி, பக்தியோடு. தமிழன் அடித்தான், சீனன் அடித்தான், எதற்கென்று தெரியாமல் பின்னால் வந்த பஸ்ஸும் அடித்தது. இதுவரை கியர் சத்தம் மட்டும்தான், இனி கும்பிடும் சேர்ந்துகொண்டது. சன்னாசி பகல் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சாமி குத்தம் ஆகிவிடுமே என்று திட்டவும் பயந்து, வெறுமனே விழித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் பத்துமலை என்ற டிரைவர் லாரியை ஓரம் கட்டினான். சிலிம் ரிவர் ஊர்க்காரன், செம்பனை எண்ணெய் ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போகிறவன். வரும்போதே நீளமாக ஹோன் அடித்துவிட்டு, இறங்கித் தேங்காய் உடைத்தான். ராக்காயி விளக்குமாற்றோடு பாய்ந்தாள், நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். கண்ணை மூடிக் கைகூப்பி நின்றவனைப் பார்த்ததும் அவளுக்கு வாயில் வந்தது வேறு.

"தம்பி, ஹோன் அடிக்காத. சாமி தூங்குது."

சாமி தூங்குமா என்று அவன் கேட்டான்.

"ராத்திரி பூரா காவல் சுத்திட்டு இப்பத்தான் வந்து படுத்துச்சு. நீ ராத்திரி லாரி ஓட்டுனா பகல்ல தூங்க மாட்டியா? அதுக்கு மட்டும் ஒடம்பு வலிக்காதா லா?"

அவனுக்கு இது நியாயமாகப் பட்டது. எழுப்பினால் டயர் வெடிக்கும் என்று அவள் போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்துவிட்டாள். ஹைவேயில் டயர் வெடிக்காத வாரம் உண்டா? அந்த வாரமே எவனுக்கோ வெடித்தது. காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை செய்தி பரவியது. அப்புறம் பகலில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் லாரிகள் பூனை மாதிரி போயின. சன்னாசி விட்ட குறட்டைதான் பெரிய சத்தம், அதற்கு யாரும் மனு எழுதவில்லை. மனுஷன் தூங்குகிறான் என்றால் காதில் போட்டுக்கொள்ளாத உலகம், சாமி தூங்குகிறது என்றதும் அடங்கிவிட்டதே என்று எனக்கு ஆத்திரம். ராக்காயிக்கு அதெல்லாம் இல்லை. அவர் தூங்கினால் போதும் அவளுக்கு.

நன்றாகத் தூங்கியவர் நன்றாக வேலை செய்தார். மண்டோர் மனம் குளிர்ந்து அவரைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார். ராக்காயி தெருவுக்கே பாயசம் கொடுத்தாள், நானும் இரண்டு தம்ளர் குடித்தேன். இரவில்தான் தெரிந்தது கூத்து. இரவென்றால் சாமி விழித்திருக்கிறதே! பகலெல்லாம் அடக்கிவைத்த கும்பிடு அத்தனையையும் லாரிக்காரர்கள் இருட்டிய பிறகு வட்டியோடு கொடுத்தார்கள். சன்னாசியின் கண் மறுபடியும் மிளகாய்ப்பழம் ஆனது. போன தடவை நகம், இந்தத் தடவை எதுவோ என்று ராக்காயிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் பத்துமலை ஒரு கட்டுச் சுருட்டோடு முனிக்குப் படைக்க வந்தான். ராக்காயி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, சாமிக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க."

அவன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் கண் அவளைத் தாண்டி அவள் வீட்டுப் பின்வாசல் பக்கம் போயிற்று. சன்னாசி சீருடையைக்கூடக் கழற்றாமல், மடியில் சோற்றுத் தட்டோடு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சோற்றில் பதிந்திருந்த கட்டைவிரலில் நகம் இல்லை. பத்துமலை அவரைப் பார்த்தான், சூலத்தைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

"சாமி காலைல எத்தன மணிக்கு வேலைக்குப் போகும்க்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஏழு மணிக்கு என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

அவன் சுருட்டுக் கட்டைப் பிரித்து, பாதியைக் கல்லுக்கு முன்னால் வைத்தான். மீதியை வேலிக் கம்பிக்குள் விட்டு அவள் கையில் கொடுத்து, சாமி எழுந்ததும் கொடுக்கச் சொன்னான். மற்ற டிரைவர்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னான். பிறகு லாரியில் ஏறி, கதவை அறைந்து சாத்தாமல் இரண்டு கையாலும் அழுத்தி மூடினான்.