இன்னுங்கொஞ்சம் மாமாவின் மண் வேக்காடு

என் அக்கா கணவரைத் தொழிற்சாலையில் எல்லோரும் 'இன்னுங்கொஞ்சம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காபிக்குச் சர்க்கரை, ஸ்கூட்டர் டயருக்குக் காற்று, கேட்காதவர்களுக்கு அறிவுரை, எதிலும் அவருக்குக் கை நிற்காது. 'போதும்' என்று அக்கா சொன்னால் மட்டும் நிறுத்துவார்.

எங்கள் பிழைப்பு மண்ணைச் சமைப்பது. வெட்டி வரும் களிமண்ணை அமிலம் கலந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டு, குழாய் வழியே நீராவி விட்டு வேகவைத்து, புளிப்புப் போகக் கழுவி, காயவைத்து, மாவாக அரைப்போம். சூடான சமையல் எண்ணெயில் இதைக் கலந்து வடிகட்டினால், எண்ணெயின் நிறத்தை மண் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் தெளிந்துவிடும். வேகவைப்பது மாமா. தேறியதா என்று சோதனை அறையில் எண்ணெயை வடித்துப் பார்ப்பது நான். அக்கா புருஷன் சமையலுக்குக் குறை சொல்லச் சம்பளம் வாங்குகிற மச்சினன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புதுக் குழியிலிருந்து வந்த மண்ணுக்கு நான்கு மணி நேரம் போதும் என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். மாமா ஐந்தரை மணி நேரம் விட்டார். அளவு மீறினால் மண்ணின் சத்தே அமிலத்தில் கரைந்துபோகும். இரண்டு ஈடு மண்ணைப் போட்டுப் பார்த்தும் என் குப்பியில் எண்ணெய் கறுத்தே நின்றது. 'தேறவில்லை' என்று எழுதியதும் நான்தான். மூன்றாவது ஈடும் கெட்டால் மாமாவை மூட்டை தைக்க அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அன்று மாமா சர்க்கரையே இல்லாமல் காபி குடித்தார். நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"நான் பாத்துக்கறேன்டா. நீ தொட்டிகிட்ட நில்லு," என்றாள்.

மூன்றாவது ஈடு நான்கு மணி நேரத்தை நெருங்கும்போது, அக்கா வாசலில் நிற்பதாகக் காவலாளி வந்து சொன்னார். தான் திரும்பும்வரை வேகட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு மாமா ஓடினார். வீட்டுச் சாவி தொலைந்த கதையை அக்கா இருபது நிமிடம் சொன்னாளாம். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. நான் நேரம் பார்த்து ஆவிக் குழாயை அடைத்துவிட்டேன். திரும்பி வந்து மாமா பார்த்த பார்வையில் மண் இன்னொரு தடவை வெந்திருக்கும்.

அந்த மண் காய்ந்து, அரைபட்டு, என் மேசைக்கு வந்தது. வடித்த எண்ணெய்க் குப்பிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் பொடி எழுத்தும் தெரிந்தது. மேலாளர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா நெளிந்தார்.

"சார், அது நான் எறக்கினது இல்ல. வீட்டுக்காரி வந்து கூப்பிட்டா, போயிட்டேன். இவன்தான் மூடினான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இனிமே அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க."

அன்றிலிருந்து நான்காவது மணி நேரத்தில் மாமாவுக்கு போன் வரும். அக்கா "போதும்" என்பாள். அவர் ஆவியை அடைப்பார்.

நேற்று அக்காவுக்குக் காய்ச்சல், அசந்து தூங்கிவிட்டாள். ஞாபகம் வந்து நான் தொட்டிக்கு ஓடினேன். ஆவி அடைத்திருந்தது. மாமா, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிம்மா, மூடிட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.