குவைத்தில் இருந்த ஜாமீன்காரி

என் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த சமயத்தில்தான், நான் பல வருடங்களாகக் குவைத்தில் வசித்துவருகிறேன் என்ற செய்தி எனக்குத் தெரியவந்தது. நாத்தனாரை வழியனுப்ப ஒருமுறை திருவனந்தபுரம் விமான நிலைய வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். அதற்கு அப்பால் போனதில்லை. பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை.

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு மிஷன் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு டீச்சர் வேலை கிடைத்துவிட்டால் அது அவளுக்கு மட்டும் கிடைத்த வேலை இல்லை. சித்தப்பா மகன் பைக் எடுக்க வேண்டுமா, அத்தான் மாடி கட்ட வேண்டுமா, ஜாமீன் கையெழுத்துக்கு அவளைத் தேடித்தான் வருவார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற கை அல்லவா. பெண் பார்க்க வருகிறவர்களே அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பலகாரத்தைக் கையில் எடுப்பார்கள்.

என்னிடம் அந்தக் கையெழுத்தை முதலில் கேட்டவன் என் அண்ணன். அவன் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தான். விலை இன்னும் ஏறும் என்று நம்பி, ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் பெரிய தொகை கடன் எடுத்து, குடோன் கூரை முட்ட ஷீட்டை அடுக்கினான். ஜாமீன் நான். எனக்கு அப்போது கல்யாணம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அடையாள அட்டையில் அம்மா வீட்டு விலாசம்தான் இருந்தது. அந்த வீட்டில் அண்ணன் இருந்தான். எது வந்தாலும் அவன் சொல்லுவான் என்று அந்த விலாசத்தையே கொடுத்தேன். கூடப் பிறந்தவனைப் பற்றி வேறு எப்படி நினைக்க முடியும்?

விலை ஏறவில்லை, இறங்கியது. அடுக்கி வைத்த ஷீட்டில் பூசணம் பிடித்தது. அண்ணன் ஐ.பி. கொடுத்தான். திவாலானவனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கடனை அடைக்க என்னால் முடியாது என்று நீதிமன்றத்தில் மனு கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். வழக்கு சில வருடம் நடந்தது. அவன் பெயரில் இருந்த குடோனையும் மனையையும் விற்று, கிடைத்ததைக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டார்கள். அப்புறம் நீதிமன்றம் அவனை விடுவித்தது.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்ற குடும்பம் ஓர் உறையில் பணம் போட்டு, காரணத்தையும் எழுதிக் கொடுக்கும். ஞாயிறு ஆராதனையில் சபைச் செயலர் அதைச் சத்தமாக வாசிப்பார். மகன் பாஸானதற்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, கிணறு வெட்டித் தண்ணீர் வந்ததற்கு. அந்த வாரம் அண்ணன் பெயரைச் சொல்லி, கடன் பாரம் முற்றிலும் நீங்கியதற்காக என்று வாசித்தார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முற்றிலும் என்று ஆலயத்தில் வைத்து வாசித்த பிறகு, நிதி நிறுவனத்துக்குப் போய் என் பெயரும் நீங்கிவிட்டதா என்று கேட்க எனக்குத் தோன்றுமா? எங்கள் சபையில் யாருக்கும் தோன்றாது. அதற்கு மேல் ஒரு ரசீது இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்று வீட்டில் ஆட்டுக்கறி வைத்தேன். அண்ணனும் வந்து சாப்பிட்டான்.

அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்த பயத்தில் அதற்குப் பிறகு நான் எங்கும் கடன் கேட்கவில்லை. என் கணவர் நோயில் கிடந்தபோது நகையும் சேமநிதியும் கரைந்தன. அவரும் போய்விட்டார். மிஞ்சியது என் சம்பளமும் மகளும். அவளுக்கு நர்சிங் இடம் கிடைத்தது. கல்விக்கடன் கேட்டு, கொஞ்சம் தைரியமாகவே வங்கிக்குப் போனேன்.

வங்கியில் இருந்த அதிகாரி சின்னப் பெண். மதுரைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. கணினியில் என் கடன் வரலாற்றைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள். உங்கள் பெயரில் ஒரு பழைய ஜாமீன் பாக்கி நிற்கிறது, இதை வைத்துக்கொண்டு உங்களைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்க்க முடியாது என்றாள். நான் சிரித்தேன். அது திவாலாகி, நீதிமன்றமே முடித்துவைத்த கணக்கு, இந்தப் பதிவெல்லாம் ஏழு வருடத்தில் அழிந்துபோகும் என்றல்லவா சொல்கிறார்கள் என்றேன். அவள் பொறுமையாக விளக்கினாள். திவால் தீர்ப்பு கடன் வாங்கியவரை விடுவிக்கும், ஜாமீன் போட்டவரை விடுவிக்காது. அண்ணன் கணக்கை மூடிவிட்டார்கள். மூடிய தேதியிலிருந்து ஏழு வருடமும் ஓடிவிட்டது, அவர் பெயரில் இப்போது ஒரு கறையும் இல்லை. என் கணக்கை யாரும் மூடவில்லை. மாதாமாதம் பாக்கி, பாக்கி என்று புதிதாக ஏறிக்கொண்டே இருக்கிறது. அது முடிகிற தேதி என்று ஒன்று வந்தால்தான் ஏழு வருடத்தை எண்ணவே தொடங்க முடியும்.

ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை வந்தது. பள்ளி இல்லை. நிதி நிறுவனம் திறந்திருந்தது. ரொம்பக் கோபத்தோடுதான் போனேன். இத்தனை வருடம் ஒரு கடிதம் போடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல், இது என்ன நியாயம் என்று கேட்க வேண்டும். கிளையில் இருந்தவர் அந்தக் காலத்தில் வசூலுக்கு அலைந்த ஆள், இப்போது மேலாளர். நான் பெயரைச் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"டீச்சரா? நீங்க குவைத்துல இல்லியா?"

எந்தக் குவைத் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி, மெதுவாகச் சொன்னார். கடிதங்கள் பலமுறை போயிருக்கின்றன, அம்மா வீட்டு விலாசத்துக்கு. எல்லாவற்றையும் அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறான். பிறகு இவரே நேரில் போயிருக்கிறார். தங்கச்சி வேலையை ராஜினாமா செய்துவிட்டு மாப்பிள்ளையோடு குவைத்துக்குப் போய்விட்டாள், அங்கேயே இருந்துவிடுவாள் என்று அண்ணன் தடுமாற்றமில்லாமல் சொல்லியிருக்கிறான்.

"நாங்க நம்பாம என்ன செய்ய டீச்சர்? இனயம் ஊருல கேட்டா துபாய், கடியப்பட்டணத்துல கேட்டா ஓமன். ஜாமீன்காரங்க முக்காவாசிப் பேரு வெளிநாட்டுலதான் இருக்கியாவ."

என் பள்ளிக்கூடத்தில் வந்து ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே என்றேன். அவர் பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார். இனி என்ன வழி என்று கேட்டேன். வட்டியோடு மொத்தமும் அடைத்தால் மூடலாம் என்று ஒரு தொகையைச் சொன்னார். மகளின் நாலு வருடப் படிப்புச் செலவைவிட அது அதிகம். மூடிய பிறகும் ஏழு வருடம் கழிய வேண்டும். அதற்குள் மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே பிறந்துவிடும். பிறகாவது எல்லாம் அழியுமா என்று கேட்டேன். வெளியே தெரிகிறது அழியும் என்றார்.

"எங்க கம்பெனிக்குள்ள வச்சிருக்கியத யாரும் அழிக்கச் சொல்ல முடியாது. அது கெடக்கும்."

அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் இப்போது மைனி பெயரில் கட்டுமானப் பொருள் கடை நடத்துகிறான். புது வீடு, கார், சபைக் கமிட்டியிலும் இருக்கிறான். மைனி, அதாவது அண்ணன் மனைவி, வாசலில் அத்தப்பூக் கோலம் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே போய், உட்காராமல், என்னைக் குவைத்துக்கு அனுப்பியது நீதானா என்று கேட்டேன்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஏதோ நல்ல காரியத்தை நினைவுபடுத்துகிறவன் போலச் சொன்னான்.

"அன்னைக்கு நான் உள்ளதச் சொல்லியிருந்தா உன் சம்பளத்துல பிடிச்சிருப்பானுவ. உன்னக் காப்பாத்துனதாக்கும் ஏட்டி."

அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீ நேரா போயி பைசா கெட்டியிருப்ப. உன் புத்தி எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். கட்டியிருப்பேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அன்றே அடைத்திருப்பேன், இன்று மகளுக்காக யார் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்காது. ஆனால் நான் கட்டியிருந்தால் அண்ணன் எனக்குக் கடன்காரன் ஆகியிருப்பான். கம்பெனிக்காரனிடமிருந்து நீதிமன்றம் விடுவிக்கும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற தங்கையிடமிருந்து யார் விடுவிப்பார்? என்னைக் காப்பாற்றினானாம். அம்மாவின் அடக்கத்தன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவன் இவன்தான், அப்போதும் நான் இவன் வாயில் குவைத்தில்தான் இருந்தேன்.

பிள்ளையின் படிப்புக் கடன் இதனால் நிற்கிறது, கூட வந்து கம்பெனியில் உண்மையைச் சொல், வட்டியையாவது குறைக்கச் சொல்லிப் பேசலாம் என்று கேட்டேன். அது கழிஞ்ச காரியம், இனி கிளறினால் தனக்கும் வழக்கு வரும் என்றான். அப்போது மைனி தேநீரோடு உள்ளே வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிள்ளையின் கடனுக்குத் தாய்மாமன் நிற்கலாமே, வங்கியில் ஏற்றுக்கொள்வார்களே என்றாள். அண்ணன் உடனே தலையாட்டினான். அவனுக்கும் அது முன்பே தெரிந்திருக்கும் போல.

தேநீரைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். திவாலானவனின் பேரில் கடன் கிடைக்கும், அவனுக்கு ஜாமீன் நின்றவளின் பேரில் கிடைக்காது. இதை மகளிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கல்லூரியில் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாமாகூட உள்ள சண்டைய நான் படிச்சு முடிச்ச பொறவு போடுங்கம்மா" என்றாள்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வங்கிக்கு வந்தான். மதுரைக்காரப் பெண் அவனுடைய விவரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நல்ல ஸ்கோர் சார் என்றாள். சார் மட்டும் உள்ளே வந்தால் போதும், நீங்கள் அங்கே உட்காருங்கள் மேடம் என்று சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டினாள். நான் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளும் அவனும் மாறிமாறிக் கையெழுத்துப் போட்டார்கள். எழுந்ததும் மகள் அவனுக்கு நன்றி சொன்னாள். அவன் அவள் தலையில் கைவைத்து ஏதோ சொன்னான், ஜெபமாக இருக்கலாம்.

ஒரு வாரத்தில் கடன் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. அவனிடம்தான் கொடுத்தார்கள். வங்கிக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில் நானும் மகளும் நின்றோம். கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்படியே கல்லூரிக்குப் பஸ் ஏற வேண்டும். அண்ணன் மகளைப் பக்கத்துக் கடையில் போய் ஜூஸ் குடித்துவிட்டு வரச் சொன்னான். அவள் போனதும் என் பக்கம் திரும்பினான்.

"கோவிச்சுக்காத ஏட்டி. நாளைக்கி இவ வெளிநாட்டுக்குப் போயி கெட்டாம இருந்தா என்னையாக்கும் பிடிப்பானுவ. எனக்கு ஒரு ஒறப்பு வேணும்."

என்ன உறுதி என்று கேட்டேன். என் சம்பளக் கணக்கின் காசோலை ஒன்று, தொகை எழுதாமல், கையெழுத்து மட்டும் போட்டு. சும்மா வைத்துக்கொள்ளத்தான் என்றான். கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது, வங்கியின் முத்திரை வெளியே தெரிந்தது. மகள் ஜூஸை வாங்காமலே திரும்பி எங்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள்.

நான் கைப்பையைத் திறந்தேன். பேனாவின் மூடியைக் கழற்றி அவனே நீட்டினான்.