சாச்சியின் பாறையில் தெரிந்த மான்

சாச்சியை நினைத்தால் ஒரு பாறைச் சுவர்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது, பிள்ளைகளே. உச்சி வெயிலில், ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறச் சுவர். சாச்சி என் உம்மாவின் தங்கச்சி. கல்முனைக்கு மேற்கே, காட்டோரத்தில் அவவுக்கு வயல் இருந்தது. நான் அவவின் உழவு மெசினை ஓட்டினேன். வயலை ஒட்டிய பெரிய பாறையின் அடியில், மழைக்கு ஒதுங்கக்கூடிய ஒரு குகை. காலை வெயில் சாய்வாக உள்ளே விழும்போது, சுவரில் செதுக்கிய மான் ஒன்று தெரியும் என்று சாச்சி சொல்லுவா. அந்நேரம் வேலை செய்யும் நாங்கள் எல்லாரும் வயலுக்குள் நிற்போம். ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. "சாச்சிக்குப் பசியில மான் தெரியுது" என்று பகிடி பண்ணுவோம்.

ஓர் அறுவடை நாளில், அந்தப் பாறையை உடைத்துக் கல் எடுக்கும் வேலையைப் பொறுப்பெடுத்த கொந்தராத்துக்காரர் ஒருவர் லொறியில் மெசினோடு வந்துவிட்டார். அனுமதி கொடுக்கும் அதிகாரி பார்க்க வந்ததோ நடுப்பகலில். சாச்சி சொன்ன மானைத் தேடிச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஒண்டும் தெரியல்லயே உம்மா" என்றார் சாச்சியிடம்.

"வெறுஞ்சுவர் சேர், கையெழுத்தைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கொந்தராத்துக்காரர் லொறிக்குள் போய் ஏறிக்கொண்டார்.

சாச்சி விடவில்லை. "எங்கட வயலுக்கு வந்தவங்க சோறு தின்னாமப் போறல்ல சேர். இரிங்க."

சகன் என்னும் பெரிய உலோகத் தட்டில் சோற்றைப் போட்டு, சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். குகை நிழலில் அதிகாரியும் எங்களோடு கைவைத்தார். முடிந்ததும் சாச்சி சகனை வாசலில் வைத்து மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினா. நீர் வடியச் சரித்தா. பளபளத்த அதில் பட்ட வெயில் குகைக்குள் பாய்ந்து, காலை வெயில் போலச் சாய்வாகச் சுவரின் ஓரத்தால் வழுக்கிக்கொண்டு போனது. கொம்பு தெரிந்தது. பிறகு முதுகு, நாலு கால்.

"அசையாதீங்க உம்மா! அப்படியே பிடிங்க!" என்று கத்தினார் அதிகாரி.

சாச்சி மெல்லத் திருப்பினா. மானுக்குப் பின்னால் வில் பிடித்த ஒரு மனிதன்! அவனைச் சாச்சியே அதுவரை கண்டதில்லை. வெற்றிலை வாயோடு நாங்கள் எழும்பி நின்று கூவினோம்.

"பாருங்கடா, இப்ப எனக்குப் பசியுமில்ல!" என்றா சாச்சி எங்களைப் பார்த்து.

"இதில ஒரு கல்லும் உடைக்கேலாது" என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார். கொந்தராத்துக்காரரின் முகம் சுருங்கிப் போனது. சாச்சி லொறியடிக்குப் போனா. "இறங்குங்க மகன், சோறு மிச்சமிரிக்கு. கல்லைத் திண்டா வயிறு நிறையுமா?" அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்து, அவை ஆதிகாலத்து வேட்டைக்காரர்கள் செதுக்கியவை என்றார்கள். சாச்சி இப்போது உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டா. பாறை முழுசாக நிற்கிறது. லீவுக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். விடியற்காலைச் சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட்டால், வெயில் உள்ளே விழும் நேரத்துக்குப் போய்விடலாம்.