விருது வாங்கிய தண்ணீர்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம். அதன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினோரு வருடமாகத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிறவள் ஜஹீருன்னிசா. வேதியியல் படித்தவள். அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுமை தூக்கியவர். நாற்றமில்லாத வேலைக்கு மகள் போகட்டும் என்றுதான் படிக்க வைத்தார். கிடைத்ததோ ஊர்ச் சாக்கடையைப் பாட்டிலில் பிடிக்கிற வேலை. ஆனால் அவளுக்கு அது பிடித்துப்போனது. கறுப்பாக உள்ளே வருவது மறுபக்கம் கண்ணாடி மாதிரி வெளியே போவதைப் பார்க்க அவளுக்கு அலுத்ததே இல்லை.

அப்படி வெளியே போன தண்ணீர் முன்பெல்லாம் வீணாக ஆற்றில்தான் விழுந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் அதைக் குழாய் போட்டு டேனரிகளுக்கே கொடுக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. பச்சைத் தோலை ஊறப்போடத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். டேனரிக்காரர்கள் ஆற்றோர போர்க் கிணறுகளிலிருந்து லாரியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் குடிநீர் வருவதும் அதே ஆற்றோரத்திலிருந்துதான்.

சாக்கடைத் தண்ணீர் என்றதும் எல்லாரும் முகம் சுளித்தார்கள். ஜஹீருன்னிசா இரண்டு கேன் தண்ணீரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஒரு டேனரியின் மேனேஜர் மஹபூப் பாஷாவிடம் போனாள். அப்பாவைத் தெரிந்தவர். ஒரு தொட்டியில் போர் தண்ணீர், பக்கத்துத் தொட்டியில் அவள் கொண்டுபோன தண்ணீர். இரண்டிலும் தோல் ஊறியது. மறுநாள் அவர் இரண்டு தோலையும் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"வித்தியாசமே தெரியலியேம்மா. குழாய் போடச் சொல்லு."

ஆறு டேனரிகள் சேர்ந்தன. லாரிகள் நின்றன. அவள் தெருவுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை வர ஆரம்பித்தது. ஒன்றரை வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

போன வருடம் ஜூன் மாதம் கடைசிக் கட்ட வடிகட்டியின் சவ்வுக் குழல்கள் சில கிழிந்தன. கிருமியைத் தடுத்து நிறுத்துவது அந்தச் சவ்வுதான். பம்ப் ஆபரேட்டர் ஜோசுவா கிழிந்த குழல்களை அடைத்து ஒப்பேற்றினான்; சோதனையில் தண்ணீர் மயிரிழையில் தேறிக்கொண்டிருந்தது. புதிது வேண்டும் என்று ஜஹீருன்னிசா உதவிப் பொறியாளர் கார்முகிலனுக்கு எழுதினாள். ஜூலையில் மறுபடி எழுதினாள். ஆகஸ்டில் இரண்டு தடவை எழுதினாள்.

செப்டம்பரில் விருது வந்தது. தொழில் அமைப்பு ஒன்று, கழிவுநீரை மறுபடி பயன்படுத்துவதில் சிறந்த நகராட்சி என்று தேர்ந்தெடுத்திருந்தது. விண்ணப்பத்தில் இருந்தவை முந்தைய வருடக் கணக்குகள். ஒவ்வொன்றும் உண்மை, அவளே எழுதிக் கொடுத்தவை. கார்முகிலன் சென்னைக்குப் போய்க் கேடயம் வாங்கிவந்தார். நிலையத்தின் வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள்.

அதே வாரம் மஹபூப் பாஷா போன் செய்தார். "ஒரு நடை வந்து பாரும்மா."

போய்ப் பார்த்தாள். ஊறிய தோல்களைத் தரையில் விரித்திருந்தார்கள். தொட்டாலே முடி கழன்று கையோடு வந்தது. மேற்பரப்பெல்லாம் குழி குழியாக இருந்தது. கிருமி வேலை என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உன்னை நம்பித்தான் நான் மத்த கம்பெனிக்காரங்களுக்கு சிபாரிசு பண்ணேன்" என்றார் பாஷா. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திரும்பி வந்து அன்றைய சோதனைத் தாளில், பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படி எழுதினால் தண்ணீரை அனுப்பக் கூடாது. ஜோசுவா வால்வின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டான்.

"அக்கா, நெஜமாவே மூடிடட்டுமா?"

"மூடு."

ஒரு மணி நேரத்தில் கார்முகிலன் வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? அவார்டு வந்த வாரத்துல லைனை நிறுத்துவியா?"

"ஜூன்லேர்ந்து எழுதினு இருக்கேன் சார். ஃபில்டர் போயிடுச்சு."

"நான் மேல இன்னான்னு சொல்றது? இப்பதான் பேப்பர்ல போட்டோ வந்திருக்கு. ஃபில்டர் கேட்டு ஃபைல் வெச்சா, அவார்டு வாங்கின பிளான்ட்டுல இன்னா பிரச்சினைன்னு கேப்பாங்க. கேட்டாங்க, தெரியுமா? நேத்தே கேட்டாங்க!"

விருது இல்லாதபோது ஃபைலைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. விருது வந்த பிறகு ஃபைலுக்கே இடமில்லை. யாரிடம் போய் இதைச் சொல்வது?

தண்ணீர் மறுபடி ஆற்றுக்குப் போனது. டேனரி லாரிகள் மறுபடி ஆற்றோரத்துக்குப் போயின. அக்டோபர் முடிவதற்குள் அவள் தெருவில் மறுபடி ஒன்பது நாள் ஆகிவிட்டது. குழாயடியில் எதிர்வீட்டு ஹலீமா பீ எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏம்மா, நீ தண்ணி ஆபீஸ்லதானே இருக்கே? உங்களுக்கு ப்ரைஸ் குடுத்தாங்களாமே. எங்களுக்குத் தண்ணி எங்க?"

ஜஹீருன்னிசா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வால்வை மூடச் சொன்னது நான்தான் என்று அங்கே எப்படிச் சொல்வாள்? தப்பான தண்ணீரை அனுப்பியிருக்கலாமா? அதுவும் முடியாது. அன்று தன் மகள் ஏதோ கேட்டதற்குக் காரணமில்லாமல் சுள்ளென்று விழுந்தாள். பிறகு அதற்கும் வருத்தப்பட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பாஷாவிடம் மறுபடி போனாள்.

"பாய், எனக்கு ஒரு கம்ப்ளெயின்ட் லெட்டர் வேணும். நகராட்சித் தண்ணியால தோல் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க."

அவர் சிரித்தார். "உன் ஆபீஸ் மேல நீயே கம்ப்ளெயின்ட் கேக்குறியா? எனக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு? லைசென்ஸுக்கு அவங்ககிட்டதானே நான் போய் நிக்கணும்?"

"நான் எழுதினா குப்பைக்குப் போவுது பாய். நீங்க எழுதினா பதில் போட்டாவணும். போர் தண்ணி இன்னும் எவ்ளோ நாளைக்கு வரும்னு நெனைக்கிறீங்க?"

கொடுக்கிறேன் என்றும் பாஷா சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஆறு டேனரிகளின் கையெழுத்தோடு நகராட்சி ஆணையருக்குக் கடிதம் போனது. விருது கொடுத்த அமைப்புக்கு ஒரு நகலும் போயிருந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

கார்முகிலன் கடிதத்தை அவள் மேசைமேல் போட்டார். "நீயா போய் வாங்கினு வந்தது?"

"ஆமா சார்."

மறுத்துவிடுவாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு இரண்டு மாதம் அவளிடம் நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ஜோசுவாவிடம் சொல்லி அனுப்பினார். ஆனால் ஃபைல் நகர்ந்தது.

பிப்ரவரியில் வடிகட்டிகள் வந்தன. கேட்டதில் பாதி. ஜோசுவாவும் அவளும் மூன்று நாள் நின்று பொருத்த வைத்தார்கள். நான்காம் நாள் சோதனையில் தண்ணீர் தேறியது. மூன்று டேனரிகளுக்கு மட்டும் வால்வைத் திறந்தார்கள். பாஷாவின் டேனரி அதில் ஒன்று. தெருவுக்கு இப்போது ஏழு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது.

"ரெண்டு நாள் கம்மியாச்சுன்னு சந்தோஷப்படணுமா?" என்று கேட்டாள் ஹலீமா பீ. இந்தத் தடவை ஜஹீருன்னிசா நின்று, நடந்ததை முழுக்கச் சொன்னாள். ஹலீமா பீ கடைசிவரை கேட்டாள். "அப்போ மீதிப் பாதி எப்போ வரும்?" என்றாள்.

போன மாதம் இந்த வருட விருதுக்கான விண்ணப்பம் வந்தது. தண்ணீர் பெறும் தொழிற்சாலைகள் எத்தனை என்று ஒரு கட்டம். ஆறு என்றே போடச் சொன்னார் கார்முகிலன். அவள் மூன்று என்று எழுதிக்கொண்டு போய் நீட்டினாள்.

"இதுக்கு அவார்டு வராதும்மா."

"வராட்டி பரவால்ல சார். மீதி ஃபில்டர் வந்தா போதும்."

அவர் திட்டவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, "பாக்கலாம் போ" என்றார். மீதி வடிகட்டிக்காக அவள் எழுதிய மூன்று கடிதங்களும் அதே மேசையில்தான் இருக்கின்றன. நான்காவதை நேற்று எழுதினாள்.