அங்கே பெய்த மழை

"ஏனுங்க சம்மந்தி, இந்தப் பேரைப் பத்திரிகையில போட்டா, பொண்ணு நம்மூருப் புள்ளைன்னு ஆருங்க நம்புவாங்க?"

மாப்பிள்ளையின் பெரியம்மா எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே இதைக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அடுத்து அவர் சொன்னது சிரிப்பதற்கில்லை. "குலதெய்வத்துப் பேரு ஒண்ணைப் போட்டுப் பத்திரிகை அடிச்சுப்புடலாமுங்க. ஊட்டுல எப்படியோ கூப்புட்டுக்கட்டும்."

அப்பா உடனே தலையாட்டினார். "செஞ்சரலாமுங்க."

அந்தப் பெயரை எனக்கு வைத்ததே அவர்தான்.

மூன்றெழுத்துப் பெயர். கென்யாவில் ஏரிக்கரை ஊர்களில் பெண்களுக்கு வைப்பது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு அப்பா அங்கே போயிருந்த சமயம் நான் நாமக்கல்லில் பிறந்தேன். பள்ளியில் வருகை எடுக்கும் ஆசிரியர்கள் என் பெயர் வந்ததும் ஒரு நொடி தயங்குவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் தயக்கத்தை எனக்குத் தரும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

பெயருக்கு அர்த்தம் கேட்டால் அப்பா, "நல்ல பேரு சாமி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அர்த்தம் சொன்னது கல்லூரியில் உடன் படித்த கென்யப் பெண். மழை பெய்யும்போது பிறந்தவளுக்கு வைக்கிற பெயராம். "நீ பிறந்தபோது நல்ல மழையா?" என்று ஆசையாகக் கேட்டாள். கிணறெல்லாம் வற்றி, தென்னை காய்ந்த வருடத்தில்தான் என்னைப் பெற்றதாக அம்மா சொல்வார். அப்பா தெரியாமல் வைத்துவிட்டார் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகு அப்பாவிடமே கேட்டேன்.

"அப்பா, நான் பொறந்தப்ப மழையே இல்லீங்களே?"

"இங்க இல்ல சாமி. அங்க பேஞ்சுது. ரிக்கு சேத்துல எறங்கிப் போச்சு, வேலை நின்னு போச்சு. எங்களுக்குக் களி கிண்டிப் போடற அந்தூரு அம்மா ஊட்டுல ஒதுங்கி நின்னோம். அப்பத்தான் போன் வந்துது, பொண்ணுன்னு. அந்தம்மா எங்கையைப் புடிச்சு ஆடுச்சு பாரு! இதுதான் பேருன்னு அதுவே சொல்லிருச்சு."

"ஏனுங்க இத்தனை நாளா சொல்லல?"

"ஊரே தண்ணிக்குப் பறக்குது. மழைன்னு புள்ளைக்குப் பேரு வெச்சிருக்கேன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்று அவரே சிரித்தார். "உங்கூட இருக்க முடியலை. நான் இருந்த எடத்துப் பேரையாச்சும் வெப்போம்னு வெச்சேன். இப்பக் கலியாணம் நல்லபடியா நடக்கோணும். மாத்திக்கலாம், உடு."

நான் விடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கும் இந்தப் பேரு சங்கடமாங்க?"

"ஒரு மாசமாப் பழகி இப்பத்தான் வாயில வருதுங்க. மாத்துனா மறுபடி மொதல்ல இருந்து பழகோணும்" என்றார். "பெரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பத்திரிகையின் உச்சியில் குலதெய்வத்தின் பெயர் இருக்கிறது, அது இருக்க வேண்டிய இடத்தில். என் பெயர் என் இடத்தில் இருக்கிறது. இன்று காலை ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அச்சகத்துக்குப் போய், மூன்றெழுத்தையும் சரிபார்த்து, அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.