பொலிஸ் தேடிய முகம்

இன்று காலை பாலையூற்றில் என் வீட்டு மதிலில் ஒருவர் மரண அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தார். கேட்காமல் ஒட்டுகிறாரே என்று சண்டை பிடிக்கத்தான் வெளியே போனேன். வாளியிலிருந்த கோதுமை மாப் பசையின் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் சண்டை மறந்துபோயிற்று. அந்த வாசத்தோடு எனக்கு ஞாபகம் வருகிறவர், மூதூர் லோஞ்சில் டிக்கெட் கிழித்த ஆதம்பாவா காக்கா. காக்கா என்றால் இங்கே முஸ்லிம் சனத்தின் வழக்கில் அண்ணன். அவருக்கும் பசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன்; ஆயுள் முழுக்க வகுப்பறையில் கதைத்துப் பழகிய வாய்.

எனக்கு முதல் நியமனம் மூதூரில். அப்போது பாலங்கள் இல்லை. திருகோணமலை இறங்குதுறையில் லோஞ்சு ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்கவேண்டும். சேலையும் குடையும் கொப்பிக் கட்டுமாக நான் தடுமாறி ஏறும் அழகைப் பார்க்கவே சிலர் முன்னுக்கு வந்து இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அலை கொஞ்சம் எழும்பினாலே வயிற்றைப் பிரட்டும். ஆதம்பாவா காக்கா ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, மணக்கச் சொல்லி என் கையில் தந்து, கரையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார். ஐம்பது தாண்டியவர். சுருள்முடி, வலது புருவத்தைப் பிளந்த தழும்பு, முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு.

ஒருநாள் ஏறியதும் வழக்கம்போலத் தேசிக்காய்க்கு அவரிடம் கையை நீட்டினேன்.

"பிள்ளை, நான் அவரில்லை. அவர் அங்கால நிக்கிறார்."

திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் பக்கத்தில் அதே சுருள்முடி, அதே தழும்பு, அதே சிரிப்பு. நான் விழித்துக்கொண்டு நிற்க, "வெக்கப்படாதேங்கோ, வெள்ளைக்காரன்ர பொலிசே பிழை விட்டது" என்றார் நான் கை நீட்டிய மனிதர். சல்லிக் கரையில் மீன்பிடிப்பவர், பெயர் வைரமுத்து. மூதூர் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதுதான் இந்தக் கதை. அன்று எனக்கு வயிறு பிரட்டவே இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். துறைமுகம் முழுக்கக் கப்பலும் பட்டாளமும். வைரமுத்து அங்கே மூட்டை இறக்கும் கூலி. வெயிலில் மயங்கி விழுந்த ஒரு தொழிலாளியைக் கங்காணி காலால் உதைத்ததைப் பார்த்து, கங்காணியைப் பிடித்துத் தள்ளிவிட்டார். சாமான் இறக்கும் மேடையிலிருந்து கீழே நின்ற வள்ளத்துக்குள் விழுந்த கங்காணி அசையாமல் கிடந்தார். ஆள் முடிந்தது என்று யாரோ சொன்னது காதில் விழ, வைரமுத்து ஓடியவர்தான்.

பொலிஸ் அவருடைய அடையாளங்களை அச்சடித்துச் சந்தையிலும் இறங்குதுறையிலும் ஒட்டியது. சுருள்முடி, புருவத் தழும்பு, இல்லாத பல். திருகோணமலை மான்களைத் தெரியும்தானே, கடைத்தெருவில் மாடுபோல் திரிபவை. அவை பசை வாசத்துக்கு வந்து கடதாசியோடு நக்கித் தின்றுவிடும். பொலிஸ் சார்ஜன் திரும்பவும் ஒட்டுவிப்பார். "மான் திண்டிச்சி டீச்சர், ஆனா சார்ஜன் மறக்கல்ல" என்றார் ஆதம்பாவா காக்கா.

அவர் அப்போது மூதூரிலிருந்து வள்ளத்தில் விறகு கொண்டுவந்து விற்கும் இளைஞர். திருகோணமலைக் கரையில் கால் வைத்தால் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார்கள். ஊர்த் தலைவரான மூதூர் விதானையார் கடல் கடந்து வந்து, இது எங்கள் ஊர்ப் பிள்ளை என்று சொல்லும்வரை அடைத்து வைத்திருப்பார்கள். விட்ட பிறகு இன்னொரு பொலிஸ்காரர் பிடிப்பார். எத்தனை தரம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டாராம். விறகு வாங்குகிறவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். விதானையாரும் சலித்துப்போனார். கடைசியில், அவருக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் தகப்பன் வீட்டுக்கே வந்து சொன்னார்:

"பொலிஸ் தேடுற முகத்துக்கு என்ட மகளைத் தர ஏலா."

மறுநாள் ஆதம்பாவா தானாகவே வள்ளமேறிப் பொலிசுக்குப் போனார். சார்ஜன் கெட்டவரல்ல, பிடிவாதக்காரர். நீ அவனில்லையென்றால் அவனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்து என்றார், பகிடியாக. ஆதம்பாவா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. நிறுத்துகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எப்படித் தேடினீர்கள் என்று கேட்டேன். அவர் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லையாம். ஊர் ஊராகப் போய்ச் சந்தியில் நிற்பார். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் வைரமுத்து அந்தப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம். கட்டைபறிச்சானில் நெல் அவித்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஏன் திரும்பி வந்தீர், வெருகல் பக்கம் போவதாகச் சொன்னீரே என்று கேட்டாள். உடனே தெற்கே நடந்தார். காய்ச்சல் வந்தது; ஒரு பள்ளிவாசலில் படுத்து எழும்பி மறுபடி நடந்தார். வழியில் திரும்பிவிட யோசிக்கவில்லையா என்றேன். "திரும்பி எங்க போற டீச்சர்? எங்க போனாலும் இந்த முகத்தோடதானே போகணும்" என்றார்.

வெருகல் ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் எருமைப் பட்டி. அங்கிருந்த கிழவர் ஒருவர், ஒன்றும் கேட்காமல், சட்டித் தயிரை அவர் முன் வைத்துவிட்டு, ஏன் இன்னும் மாடு அவிழ்க்கவில்லை என்று ஏசினார். இங்கேதான் என்று ஆதம்பாவாவுக்கு விளங்கியது. தயிரைச் சாப்பிட்டுவிட்டே ஆற்றங்கரைக்கு இறங்கினாராம். அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

இந்த இடத்தில் லோஞ்சில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆதம்பாவா, உங்களால் என் கலியாணம் நிற்கிறது என்று சொன்னார். வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த ஏச்சில் அது மட்டும்தான் வாயில் வந்தது. வைரமுத்து ஓடவில்லை.

"கங்காணிக்கு எத்தனை பிள்ளையள்?" என்று கேட்டார். "அதுகள் என்ன செய்யுதுகள்?"

ஆதம்பாவாவுக்குப் புரியவில்லை. கங்காணி செத்துவிட்டான் என்று இவர் நினைத்துக்கொண்டிருப்பது பிறகுதான் விளங்கியது.

"அவன் மௌத்தாகல்ல. கால் மட்டும்தான் முறிஞ்ச. நொண்டி நொண்டி அதே வேலைதான் செய்யிறான்."

வைரமுத்து அப்படியே ஈர மணலில் குந்திவிட்டார். வாசிக்கத் தெரியாதவர். சுவரில் கடதாசியைக் கண்டாலே தூக்குக் கயிறு என்று நினைத்து விலகி, காட்டோடு காடாகப் போனவர். செய்யாத கொலையைச் சுமந்துகொண்டு எருமை மேய்த்திருக்கிறார். "அழுதனான் பிள்ளை. இவர் பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவர்" என்றார் என்னிடம்.

பொலிசுக்கு வருகிறேன், ஆனால் முதலில் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். ஆதம்பாவா சல்லிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார். ஓடிவிடுவார் என்று பயமில்லையா என்றேன். பயம்தான், ஆனால் தாய் அழும் வீட்டுக்குள் எப்படிக் காவல் நிற்பது என்றார்.

இரண்டு பேருமாகப் பொலிசுக்குள் போனதும் வாசலில் நின்ற கான்ஸ்டபிள் பழக்கதோஷத்தில் ஆதம்பாவாவின் கையைப் பிடித்தார். "அவரை விடுங்கோ. நீங்கள் தேடினது என்னை" என்றார் வைரமுத்து. சார்ஜன் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு இரண்டு பேருக்கும் தேத்தண்ணி எடுப்பித்தார்.

மயங்கி விழுந்த அந்தத் தொழிலாளியை ஆதம்பாவாவே தேடிப் பிடித்து நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்தார். தேடுவது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. அந்த மனிதர் உதை விழுந்ததைச் சொன்னார். தண்டனை சில மாதங்களோடு முடிந்தது. பெண்ணின் தகப்பன் உடனே கலியாணத்துக்கு நாள் பார்க்க வந்தார். வைரமுத்து வெளியே வரட்டும் என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. அப்படித்தான் நடந்தது.

அவர்கள் இருவரும் காலமாகிப் பல வருடங்கள். லோஞ்சும் நின்றுவிட்டது. சல்லியில் வைரமுத்துவின் வீட்டைச் சுனாமி கொண்டுபோயிற்று. உள்நாட்டு யுத்தத்தில் மூதூரிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது ஆதம்பாவா காக்காவின் வீட்டுச் சாமான்கள் எல்லாம் போயின. போன வருடம் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். வாப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை, உங்களிடம் இருக்குமா என்று கேட்டார். என் அல்பங்களைப் புரட்டினோம். லோஞ்சில் எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்த கை மட்டும் இருந்தது. அவருடையதா என்று எனக்கு நிச்சயமில்லை.

"சல்லிக்குப் போவமா டீச்சர்? வைரமுத்து மாமாட படம் எண்டாலும் எனக்குப் போதும்."

போனோம். வீடு வீடாகக் கேட்டோம். உப்புவெளியில் அவருடைய சொந்தக்காரரிடமும் கேட்டுவிட்டோம். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு காலத்தில் எந்தக் கரையில் இறங்கினாலும் பிடிபட்ட அந்த முகம், இப்போது எங்கேயும் இல்லை.