அம்மாவுக்குப் போட்ட முட்டை

என் அம்மாவின் அட்டை யார் கைக்கு வந்தாலும் அவர்கள் முகம் சுண்டிப்போகும். "சே, சித்தி வந்துட்டா" என்று பெரியப்பா பிள்ளைகள் வாய்விட்டே சொல்வார்கள். எங்கள் சீட்டுக்கட்டில் இருந்த சொந்தக்காரர்களிலேயே கடைசி ஆள் என் அம்மாதான். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கோடை விடுமுறை முழுக்க அந்த ஓர் அட்டைக்காக மூன்று பேரோடு மல்லுக்கு நின்றேன். இன்றைக்கு யாராவது பேச்செடுத்தாலும் நிற்பேன்.

விளையாட்டு ஒன்றும் புதிதில்லை. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட சீட்டுக்கட்டு ஒன்று அப்போது எல்லாக் கடையிலும் விற்றது. ஒவ்வொரு அட்டையிலும் வீரனின் உயரம், எடை, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று எண்கள் இருக்கும். நம் கையில் உள்ள அட்டையிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். எதிராளியின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் அவன் அட்டை நமக்கு. எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டில் பாதி தொலைந்து, மீதி மழையில் ஊறிப்போனது. அப்போதுதான் பெரியப்பாவின் மூத்த மகனான அண்ணன் ஒரு யோசனை சொன்னான். வீரர்களை விட்டுவிட்டு நம் சொந்தக்காரர்களையே வரைவோம் என்றான். எங்கள் குடும்பத்தை அறிந்தவர்கள் அதைப் பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டார்கள்.

அட்டைக்குப் பஞ்சமே இல்லை. பெரியப்பாவுக்குப் பெட்டி செய்யும் தொழில். தூத்துக்குடியில் பல பேக்கரிகளுக்கு மக்ரூன் பெட்டி எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டிலிருந்துதான் போகும். அப்பா அட்டை வெட்டுவார். அம்மாவும் பெரியம்மாவும் மடித்து, மைதாப் பசை தடவி ஒட்டுவார்கள். வெட்டியது போக விழும் வெள்ளைத் துண்டுகள் எங்களுக்கு. அண்ணன், அக்கா, தம்பி என்று பெரியப்பா பிள்ளைகள் மூன்று பேர், அப்புறம் நான். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அட்டை. மாலை நாலு மணிக்குப் பெரியவர்கள் காபி குடிக்கும்போது ஷெட் வாசலில் போட்டி நடக்கும். தன் அட்டைக்குத் தானே ஓட்டுப் போடக்கூடாது. ஜெயித்த அட்டை சீட்டுக்கட்டில் சேரும். வரைந்தவருக்கு, பேக்கரிக்காரர் கொடுத்தனுப்பும் உடைந்த மக்ரூன்களில் பெரிய துண்டு கிடைக்கும்.

அண்ணன் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான். எந்த எண்ணுக்கும் சாட்சி வேண்டும். தண்ணி லாரிக்காரரோடு பெரியம்மா போட்ட சண்டைக்குத் தெருவே சாட்சி என்பதால் அவர் அட்டையில் போட்ட சண்டை நாற்பது, ஜெயித்தது முப்பத்தொன்பது. தோற்ற ஒன்று பெரியப்பாவோடு. பெரியப்பாவுக்கு நூற்றுக்கு நூறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாமாவுக்குக் கைப்பலம் தொண்ணூறு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம்பிடிக்கும் அத்தைக்கு வேகம் தொண்ணூற்றைந்து. தம்பி ஒருநாள் தெரு நாயை வரைந்து கொண்டுவந்து, அது நமக்கு என்ன உறவு என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தோற்றான்.

என் அம்மாவை அண்ணன்தான் வரைந்தான். குனிந்து பசை தடவும் ஓர் உருவம், முகம்கூட இல்லை. கீழே, போட்ட சண்டை 0, ஜெயித்தது 0.

"எங்கம்மாக்கு ஏன் முட்டை போட்ட?" என்று கத்தினேன்.

"சித்தி யார்ட்டயாவது சத்தம் போட்டு நீ பாத்திருக்கியாளா? சாட்சி கொண்டா, மாத்துதேன்."

அம்மா யாரோடும் சத்தம் போட்டதில்லை. அண்ணன் அதோடும் விடவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் மொத்தக் கட்டையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்யப்போவதாக அறிவித்தான். அதன் பிறகு எந்த எண்ணையும் மாற்ற முடியாது. என் அம்மா பிளாஸ்டிக்குக்குள் முட்டையோடு கிடப்பாள், வருகிற விடுமுறைகளில் எல்லாம் எல்லாரும் அவளைப் பார்த்து 'சே' என்பார்கள். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் பாதி, அம்மா மேல் பாதி.

ஒரு சண்டை போதும் என்று அம்மாவின் பின்னாலேயே அலைந்தேன். மீன்காரம்மா பழைய சீலாவை எடுத்துக் காட்டியபோது, இதோ வந்துவிட்டது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா மீனை முகர்ந்தாள், திரும்பக் கூடையிலேயே வைத்தாள், நடந்தாள். "ஏளா, இங்கன வா, நல்லது தாரேன்" என்று மீன்காரம்மாதான் பின்னால் கூப்பிட்டார். கிடைத்தது நல்ல மீன்தான், ஆனால் சண்டை எங்கே? இன்னொரு நாள் அம்மா வைத்த குழம்பில் யாருக்கும் தெரியாமல் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். பெரியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உப்பளத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்பக் கொற சொல்லலாமாக்கா" என்றாள் அம்மா. பெரியம்மா சிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது.

பொய்யும் சொல்லிப் பார்த்தேன். துறைமுக வாசலில் காவலாளியோடு அம்மா சண்டை போட்டதாக ஓர் அட்டை வரைந்தேன். சித்தி துறைமுகத்துக்கு எதற்குப் போனாள் என்று அக்கா கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் என் பொய் கவிழ்ந்தது.

அந்தப் பொய் சும்மா வந்ததில்லை. அந்தக் கோடையில் தினமும் காலையில் பெரியப்பாவுக்குக் காபி வைக்கும்போது அம்மா ஒன்று கேட்பாள். "அத்தான், அந்த ஆபீஸ் விஷயம்…" என்பாள். துறைமுகத்துச் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்யும் ஓர் ஏஜென்சியில் வேலை. அம்மா கல்யாணத்துக்கு முன்பே பி.காம். முடித்தவள். பெரியப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "பாப்போம்" என்பார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். மறுநாளும் அதே காபி, அதே கேள்வி, அதே பாப்போம். எங்கள் வீட்டில் பெரியப்பா சரி என்று சொல்லாமல் ஒரு நாற்காலிகூட இடம் மாறாது. அம்மா கேட்பதையும் அவர் தள்ளுவதையும் தினமும் பார்த்தேன். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்பது எப்படிச் சண்டையாகும்?

லேமினேஷனுக்கு முந்தின நாள் அது. காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பச்சைப் புடவை கட்டி, தோளில் பின் குத்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வெளியே வந்தாள். சமையல் முடிந்து மூடி வைத்திருந்தது. பெரியப்பா முன்னறையில் பேப்பரோடு இருந்தார்.

"எங்கன கெளம்பிட்ட?"

"ஆபீஸுக்கு அத்தான். இன்னைக்கு வந்து சேரச் சொல்லிருக்காவ."

"நான் இன்னும் சரின்னு சொல்லலியே."

"ஆமா அத்தான். நீங்க சொல்லல." அம்மா செருப்பை மாட்டினாள். "காபி பிளாஸ்க்குல இருக்கு. சூடாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். குரல் ஒரு நூல்கூட ஏறவில்லை. பெரியம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அண்ணன், அக்கா, தம்பி மூவரும் வாசற்படியில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். பெரியப்பா என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா ஷெட்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தார். "ஏறு, நேரமாச்சு" என்றார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பியது.

நான் கோபத்தில் பல்தேய்க்கும் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். இதுதான் சமயம் என்று காத்திருந்தேனே, ஒரு சத்தம் போட்டிருந்தால் என்ன? கையில் இருந்த ஃபைலையாவது கீழே போட்டிருக்கலாம். பெரியப்பாவோடு போட்ட சண்டை என்றால் பெரியம்மாவின் அட்டையே அடிபட்டுப்போயிருக்கும். வாயில் வந்த சண்டையை அம்மா விழுங்கிவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

ஆனாலும் மத்தியானம் உட்கார்ந்து வரைந்தேன். பச்சைப் புடவை, கையில் ஃபைல், இந்த முறை முகமும் கண்ணும் மூக்கும். எண் போடும் இடத்தில் வெகுநேரம் யோசித்தேன். சத்தம் இல்லை, அதனால் சண்டை இல்லை. ஆனால் அம்மா போய்விட்டாள். பெரியப்பா காபியைத் தானே ஊற்றிக் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். போட்ட சண்டை 0 என்று எழுதினேன். ஜெயித்தது 1 என்று எழுதினேன்.

நாலு மணிக்கு அண்ணன் அட்டையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போடாத சண்டைய எப்படிளா ஜெயிப்பாவ? கணக்கு ஒதைக்கி. ஒண்ணு, ரெண்டையும் முட்டையாக்கு, இல்லன்னா ரெண்டையும் ஒண்ணாக்கு."

"மாத்த மாட்டேன்."

"சாட்சி?"

"ஒங்கப்பாதான் சாட்சி. போய்க் கேளு. இப்பவே போய்க் கேளு."

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். ஷெட்டுக்குள் பெரியப்பா நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் பேசியது காதில் விழாமல் இருந்திருக்காது. பெட்டிக்கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. அண்ணன் கேட்கப் போகவில்லை.

அக்கா அதுவரை எனக்கு ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. அன்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "படம் நல்லாருக்கு" என்றாள். என் படம் நன்றாக இல்லை என்பது எனக்கே தெரியும். அக்காவைப் பார்த்துத் தம்பியும் தூக்கினான். மக்ரூன் துண்டு எனக்கு வந்தது. ஆனால் அண்ணன் அடங்கவில்லை. தப்பான கணக்கோடு ஓர் அட்டையை லேமினேஷனுக்குக் கொடுத்தால் ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி சிரிப்பார், எண்ணை மாற்றினால்தான் எடுத்துப்போவேன் என்றான்.

"அப்ப ஒன் லேமினேஷனே வேண்டாம். போ" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் கட்டு பளபளவென்று வந்தது. அதில் என் அம்மா இல்லை. பழைய முட்டை அட்டையை நான் ஏற்கெனவே கிழித்துப் பசை வாளியில் போட்டிருந்தேன். அடுத்த விடுமுறையில் அம்மா இல்லாத கட்டோடுதான் விளையாடினார்கள். நான் சேரவில்லை, ஷெட் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன், கூப்பிட்டும் போகவில்லை.

போன வருடம் நாங்கள் வீடு மாறினோம். சாமான் கட்டும்போது என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அந்த அட்டை விழுந்தது. அம்மா இப்போது அதே ஏஜென்சியில் மூத்த ஆள், அவள் கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு காகிதம் நகராது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தாள். நான் முழுக்கதையையும் சொன்னேன். அண்ணனை எதிர்த்து அந்த ஒன்றை எப்படிக் காப்பாற்றினேன் என்பதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

அம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒண்ணு சரிதான். அந்த முட்டையப் போட்டது யாருளா?"

அண்ணன்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். இந்த அட்டையில் முட்டையைப் போட்டவள் நானேதான். அம்மா வேலைக்குப் போன அன்று காலை அப்பாவின் வண்டி துடைத்து வைத்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. பின்னால் எப்போதும் அட்டைக்கட்டு கட்டும் கேரியரில் கயிறுகூட இல்லாமல் இடம் காலியாக இருந்தது. பெரியப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத என் அப்பா, அம்மா புறப்படுவதற்கு முன்பே வண்டியைத் தயாராக வைத்திருந்தார். அதை நான் பார்த்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

"நீ பெறந்ததுலேருந்து பத்து வருசம் ஒங்கப்பாட்ட போட்ட சண்டையெல்லாம் எந்தக் கணக்குல?" என்றாள் அம்மா. "எல்லாம் மெல்லத்தான் பேசுவோம். நீ முழிச்சிக்கிடுவன்னு."

சாட்சி தேடி மீன்கடை வரை போன எனக்கு, சத்தம் போட்டால்தான் சண்டை. அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் நான் தினமும் படுத்துத் தூங்கினேன்.